கரண்ட் பிடிக்கப் போகும் வீட்டாருக்கு: கதிரளவைக் கணக்குப் பார்ப்பது எப்படி

ஐயாவுக்கு வலது கன்னத்தில் புற்று. நாற்பது வருட வெற்றிலை. ஒப்பரேசன் முடிந்த பிறகு முப்பது தரம் கதிர் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் சனம் இதைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்லும். நாலாம் கிழமை வெள்ளிக்கிழமை, வெளி வாங்கில் இருந்தபடி ஐயா கேட்டார்: "எத்தினை முடிஞ்சுது தம்பி?" பத்தொன்பது என்றேன். உள்ளே அட்டையில் பதினெட்டு என்று இருந்தது.

ஒன்றை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து நான் போட்ட சத்தம் அந்த விறாந்தை முழுக்கக் கேட்டிருக்கும். றேடியோகிராபர் ஒன்றும் பேசாமல் அட்டையைத் திருப்பிக் காட்டினார். இரண்டாம் கிழமை செவ்வாய் இயந்திரம் பழுது. அன்று நாங்கள் போனோம், காத்திருந்தோம், திரும்பி வந்தோம், பஸ் காசும் போனது. கதிர் மட்டும் போகவில்லை. அவர்கள் எண்ணியது கதிரை. நான் எண்ணியது அந்த வாங்கில் இருந்த நாட்களை. (யாழ்ப்பாணத்தில் கதிரை என்று எழுதினால் எல்லாரும் நாற்காலியைத்தான் நினைப்பார்கள். அன்றைக்கு என் கணக்கும் அப்படித்தான்.) கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதைவிட வெட்கம் வேறில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை. ஆனால் கொடுக்கச் சொன்ன கதிரளவும் உண்மையில் உடம்புக்குள் போன கதிரளவும் ஒன்றுதானா என்பதை வைத்தியசாலை எந்தெந்த இடத்தில் பார்க்கிறது, வீட்டுக்காரர் எந்த இடத்தில் பார்க்கலாம் என்பதை அலைந்து அறிந்தேன். நாங்கள் போன இடத்தின் பெயர் வேண்டாம். தெல்லிப்பழை என்றாலும் மகரகம என்றாலும், எந்தப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

1. முதல் கிளினிக்கிலேயே நாலு விசயத்தை எழுதி வாங்குங்கள்

எந்த இடம், எந்தப் பக்கம். மொத்தம் எத்தனை கிரே. எத்தனை தரம். ஒரு தரத்துக்கு எவ்வளவு.

கிரே என்பது கதிரளவின் அலகு. ஒரு கிலோகிராம் உடம்பு ஒரு யூல் சக்தியை உறிஞ்சினால் ஒரு கிரே. ஐயாவுக்கு எழுதியது 60 கிரே, 30 தரம், ஆகவே தரத்துக்கு 2 கிரே. பெருக்கிப் பாருங்கள், கணக்கு உதைக்கக் கூடாது. உதைத்தால் பெரும்பாலும் அது இரண்டு கட்டமாகப் பிரித்த சிகிச்சையாக இருக்கும்: முதலில் பெரிய பரப்புக்கு 50, பிறகு சின்ன இடத்துக்கு 10. அப்படியானால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நான் விழுந்த குழி இது: ஒரு தாளில் 6000 என்று இருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அது சென்டிகிரே. நூறு சென்டிகிரே ஒரு கிரே. 6000 என்றாலும் 60 என்றாலும் ஒன்றுதான். எண்ணை எழுதும்போது பக்கத்தில் அலகையும் எழுதுங்கள்.

பக்கத்து வாங்கில் இருப்பவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடவே வேண்டாம். எலும்பு நோவுக்கு 8 கிரே ஒரே தரத்தில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மார்பகத்துக்குப் பல இடங்களில் 40 கிரேயை 15 தரமாகக் கொடுக்கிறார்கள். நோய் வேறு, நோக்கம் வேறு. "அவவுக்குப் பதினைஞ்சு, எங்களுக்கேன் முப்பது" என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

2. பைலைக் கட்டுங்கள்

எங்கள் பைலில் இருந்தவை: அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பி, பயோப்சி றிப்போட், ஒப்பரேசன் செய்த இடத்தின் டயக்னோசிஸ் கார்ட், ஸ்கான் படங்களும் அவற்றின் சீடியும், கடைசி இரத்தப் பரிசோதனை. எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக் கொப்பி. மூலத்தைக் கையைவிட்டுக் கொடுத்தால் யாரிடம், எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

இவற்றுக்கு மேலே வைக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. முன்பு எப்போதாவது, எங்கேயாவது கதிர்ச் சிகிச்சை எடுத்திருந்தால் அதன் முழு விபரம். உடம்பு வாங்கிய கதிர் கணக்கில் நிற்கும். முள்ளந்தண்டு வடத்துக்குச் சாதாரணமாக 45 முதல் 50 கிரேக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். பத்து வருடத்துக்கு முன் வாங்கியதையும் சேர்த்துப் பார்த்துத்தான் இப்போது எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவெடுக்க முடியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தியாவில் போய்ச் சிகிச்சை எடுத்துவிட்டு வந்தவர்கள். பற்றுச்சீட்டுகள் ஒரு சொப்பிங் பை நிறைய இருந்தன. எத்தனை கிரே, எந்தப் பரப்புக்கு என்று ஒரு தாளிலும் இல்லை. அதை மின்னஞ்சலில் எடுப்பிக்க மூன்று கிழமை போனது. அங்கே இருக்கும்போதே கேட்டிருந்தால் அரை மணித்தியால வேலை.

3. சி.டி. எடுக்கும் நாள்

இந்த சி.டி. ஸ்கான் நோயைக் கண்டுபிடிப்பதற்கு எடுக்கும் ஸ்கான் இல்லை. இதன் மேல்தான் கதிரின் கணக்கு முழுக்கப் போடப்படும். அன்று உடம்பு எப்படி இருந்ததோ அப்படித்தான் கடைசி நாள் வரை இருக்கும் என்பது அந்தக் கணக்கின் எடுகோள்.

தலை, கழுத்து என்றால் முகமூடி செய்வார்கள். வலைபோன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் போட்டு இளக்கி, முகத்தில் வைத்து அழுத்துவார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். ஐயா பயந்தார். "சவத்துக்குப் போடுற மாதிரிக் கிடக்கு" என்றார். மூக்கும் வாயும் மூடப்படாது, ஓட்டைகளால் மூச்சு விடலாம் என்று வீட்டில் வைத்தே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தாடி, தலைமயிர் வெட்டுவதாக இருந்தால் அதற்கு முதல் நாள் வெட்டுங்கள். பிறகு சலூனுக்குப் போனால் முகமூடி லூசாகும். பல்செட் போட்டுக்கொண்டா, கழற்றிவிட்டா என்று கேளுங்கள். என்ன சொன்னார்களோ அதையே ஒவ்வொரு நாளும் செய்யுங்கள்.

இனி எங்கள் ஊருக்கென்றே உள்ள விசயம். உடம்பில் செல் பீஸ் (சண்டைக் காலத்தில் செல் வெடித்துப் பாய்ந்த இரும்புத் துண்டு) இருந்தால் சொல்லுங்கள். முப்பது வருடமாக உள்ளே கிடக்கிறது, நோவில்லை, காயம் ஆறிவிட்டது என்று பேசாமல் இருக்க வேண்டாம். உலோகம் சி.டி. படத்தில் கீற்றுக்கீற்றாக வெளிச்சத்தைப் பரப்பிப் பக்கத்துத் தசையின் அடர்த்தியைப் பிழையாகக் காட்டும். அந்தப் பிழை கதிர்க் கணக்குக்குள்ளும் போகும். உலோகத்தை ஒட்டிய இடத்தில் கதிரளவும் மாறும். ஐயாவின் கழுத்துக்குப் பின்னால் அரிசியளவு ஒன்று இருந்தது. அவரே மறந்துவிட்டார், அம்மாதான் சொன்னா. இடுப்பில் போட்ட இரும்பு, இதயத்தில் வைத்த பேஸ்மேக்கர் எல்லாம் இதே கணக்குத்தான்.

தோலில் போடும் அடையாளங்களை அழிய விடாதீர்கள். எங்கள் சின்னம்மாவுக்கு மார்பகத்தில் கோடு கீறிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவ, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டா. திங்கட்கிழமை கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. அழிந்தால் நீங்களே பேனையால் கீறிக்கொண்டு போக வேண்டாம். சொல்லுங்கள், அவர்கள் அளந்து திரும்பப் போடுவார்கள்.

4. 'நாளைக்கே தொடங்குங்கோ' என்று நிற்காதீர்கள்

சி.டி. எடுத்த பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி நாட்கள் போகும். அளவு சரிபார்க்கும் வேலையில் பெரும்பகுதி அப்போதுதான் நடக்கிறது. வைத்தியர் ஒவ்வொரு படத்திலும் நோயுள்ள இடத்தையும் காப்பாற்ற வேண்டிய உறுப்புகளையும் கோடு போட்டுப் பிரிப்பார். மருத்துவப் பௌதிகவியலாளர் கதிர் எந்தப் பக்கத்தால் எவ்வளவு போக வேண்டும் என்று கணினியில் கணக்கிடுவார். அந்தக் கணக்கை வேறு வழியில் இன்னொரு தரம் போட்டு ஒப்பிடுவார்கள். நுணுக்கமான திட்டம் என்றால் ஆளைப் படுக்க வைக்க முதலே, அளவுக்கருவி மேல் அதே கதிரைக் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு.

இயந்திரத்தையும் தனியாகச் சோதிக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு பௌதிகவியலாளர் எனக்குப் பத்து நிமிடம் விளங்கப்படுத்தினார். தண்ணீர் நிறைத்த தொட்டிக்குள் பெருவிரலைவிடச் சிறிய ஒரு காற்றறையை வைத்துக் கதிரைக் கொடுத்து, அதற்குள் உண்டாகும் மின்னேற்றத்தை அளக்கிறார்கள். அந்த அறை வெளிக்காற்றோடு தொடர்புள்ளது. வெக்கை கூடினால் உள்ளே காற்று ஐதாகும், வாசிப்புக் குறையும். 20 பாகையில் அளந்ததை 30 பாகையில் அளந்தால் மூன்றரை வீதம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். அதனால் அறையின் வெப்பநிலையையும் வளியமுக்கத்தையும் எழுதி, பெருக்கித் திருத்துவார்கள். சித்திரை மாத வெயிலில் ஏ.சி. நின்றால் நாங்கள் வியர்வையைத்தான் யோசிப்போம். அவர்கள் இதை யோசிக்கிறார்கள்.

அதே கை இரண்டு தரம் கூட்டினால் அதே பிழையை இரண்டு தரமும் விடும் என்பது எந்தக் கணக்காளருக்கும் தெரியும். 1996 இல் கொஸ்தா ரிக்காவில் கோபால்ட் மூலத்தை (இயந்திரத்துக்குள் இருந்து கதிரைத் தரும் உலோகம்) மாற்றிய பிறகு போட்ட கணக்கில் 0.3 நிமிடத்தை 30 செக்கனாக எடுத்துவிட்டார்கள். அது 18 செக்கன். நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிக் கதிர் போனது. இப்படியானவற்றைப் பிடிக்கத்தான் வெளியார் சரிபார்ப்பு, அதாவது ஓடிற். சர்வதேச அணுசக்தி முகவர் நிலையமும் உலக சுகாதார ஸ்தாபனமும் 1969 முதல் தபாலில் சின்ன அளவுமானிகளை அனுப்புகின்றன. வைத்தியசாலை அதற்கு 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே வாசித்துப் பார்க்கும்போது வித்தியாசம் 5 வீதத்துக்குள் இருந்தால் சரி. "கடைசியா எப்ப வெளியாலை ஓடிற் நடந்தது?" என்று கேட்பதில் பிழையில்லை. நான் கேட்டேன். சந்தோசமாகச் சொன்னார்கள்.

5. முதல் நாள்

பெயர் சொல்லிக் கூப்பிட்டவுடன் எழும்பிப் போகாதீர்கள். ஒரே நாளில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. முதலெழுத்தும் ஒன்றாக இருக்கும். முழுப் பெயர், தகப்பன் பெயர், கிளினிக் இலக்கம் மூன்றையும் நீங்களாகச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்பதையும் வாயால் சொல்லுங்கள். காது கேட்காத ஆட்கள் எதற்கும் "ஓம்" என்று தலையாட்டுவார்கள். அவர்களோடு உள்வாசல் வரைக்கும் போங்கள்.

அன்று ஐயாவின் முகமூடிக்கு மேலே, கன்னப் பக்கம், புளியங்கொட்டை அளவில் ஒன்றை ரேப்பால் ஒட்டினார்கள். அதிலிருந்து ஒரு வயர் போனது. அது டயோட். கதிர் நுழையும் இடத்தில் எவ்வளவு வருகிறது என்பதை அப்போதே காட்டும். சில இடங்களில் அதற்குப் பதிலாக டி.எல்.டி. என்ற 3 மில்லிமீற்றர் சதுரச் சில்லை ஒட்டுவார்கள். வயர் இல்லை. பிறகு அதைச் சூடாக்கினால், வாங்கிய கதிருக்கேற்ற அளவு ஒளி விடும், அதை வாசிப்பார்கள். அதனால் முடிவு உடனே வராது. இரண்டும் நோவாது.

கணக்கிட்ட அளவுக்கும் அளந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் 5 வீதமளவைத் தாண்டினால் காரணம் தேடுவது வழக்கம். கூடுதலாகக் காரணம் எளியது: ஒட்டினது நழுவியிருக்கும், ஆள் கொஞ்சம் அசைந்திருப்பார். அடுத்த நாள் திரும்ப அளப்பார்கள். திரும்ப அளக்கிறார்கள் என்றவுடன் கனடாவுக்குக் கோல் எடுத்து அண்ணரைப் பயப்படுத்தாதீர்கள். நான் எடுத்தேன்.

எல்லா நோயாளிக்கும் இப்படி உடம்பில் வைத்து அளப்பதில்லை. அளக்கவில்லை என்றால் கவனயீனம் என்று அர்த்தமில்லை. முன்சோதனையிலும் படம் எடுத்தும் அந்தத் திட்டத்தைச் சரிபார்த்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சரியாத்தான் குடுக்கிறீங்களோ?" என்று கேட்டால் முகம் சுருங்கும். "மிஸ், ஐயாட பிளானை எப்பிடிச் செக் பண்ணினவை, எனக்குக் கொஞ்சம் சொல்லுவீங்களோ?" என்று, ஆட்கள் குறைந்த நேரம் பார்த்துக் கேட்டேன். கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினார்.

6. கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். கோடு போட்டு ஆறு நிரல்: திகதி, எத்தனையாவது கதிர், உள்ளே போன நேரம், வந்த நேரம், நிறை, குறிப்பு. கதிர் கொடுக்காமல் திரும்பிய நாளுக்கும் ஒரு வரி எழுதி, இரண்டாம் நிரலில் பூச்சியம் போடுங்கள். இந்தப் பூச்சியத்தை நான் முதலிலேயே போட்டிருந்தால் அந்த வெள்ளிக்கிழமைச் சத்தம் வந்திருக்காது.

நல்லூரில் கொடியேறினால் இருபத்தைந்தாம் நாள் தீர்த்தம். அம்மா இதையும் அப்படியே எண்ணி, ஒரு மாதத்தில் முடியும் என்று நேர்த்தி வைத்துவிட்டா. கதிர் கிழமைக்கு ஐந்து நாள்தான். முப்பது தரத்துக்கு ஆறு கிழமை, இடையில் போயா, அரச விடுமுறை, பழுது எல்லாம் சேர்த்து ஏழு என்று வையுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் உங்கள் எண்ணை அட்டையிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கடைசி நாள் ஒப்பிட்டால் பிழை எங்கே என்று தேட முடியாது.

நேரத்தை எழுதுவது உங்கள் வசதிக்கு மட்டும். நேரம் கூடினால் கதிர் கூடினது என்று எடுக்காதீர்கள். கோபால்ட் இயந்திரத்தில் மூலம் மாதத்துக்கு ஒரு வீதமளவு வலுக் குறையும், அதே 2 கிரேக்குப் போகப் போகக் கொஞ்சம் கூட நேரம் வைப்பார்கள். லினாக் (மூலம் இல்லாமல் மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் இயந்திரம்) என்றால் கணக்கு நிமிடத்தில் இல்லை, எம்.யு. என்ற அலகில். இயந்திரமே எண்ணிக்கொண்டு போகும். நடுவில் கரண்ட் போனால் (இது மின்சாரக் கரண்ட்) எத்தனை எம்.யு. போனது என்பது பதிவில் இருக்கும். மீதியை மட்டும் பிறகு கொடுப்பார்கள். அப்படி நடந்தால் குறிப்பு நிரலில் "பாதியில் நின்றது, மீதி கொடுத்தது" என்று எழுதி, அட்டையிலும் ஏறிவிட்டதா என்று கேளுங்கள்.

7. உடம்பு மாறினால் அன்றே சொல்லுங்கள்

மூன்றாம் கிழமை தொடங்க ஐயாவின் வாய் புண்ணாகிவிட்டது. கஞ்சிகூட இறங்கவில்லை. 61 கிலோவில் தொடங்கியவர் ஐந்தாம் கிழமை 55. முகமூடிக்கும் தாடைக்கும் இடையில் தன் சின்னவிரல் போகும் என்று ஐயாவே சொன்னார். நாங்கள் அதை நல்ல செய்தி என்று நினைத்தோம், இறுக்கம் இல்லை, பாவம், நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று. உண்மையில் அது சொல்ல வேண்டிய விசயம். கன்னம் வற்றினால் கதிர் கடந்துபோகும் தசையின் தடிப்புக் குறையும், ஆளும் உள்ளே அசையலாம், அப்போது சி.டி. நாளில் போட்ட கணக்கு அதே கணக்கு இல்லை. சொன்னவுடன் திரும்ப சி.டி. எடுத்துப் பார்த்து, புது முகமூடி செய்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆட்கள் கரைச்சல் குடுக்கக் கூடாது என்று பேசாமல் இருப்பார்கள். முகமூடி லூசாகிறதா, பெல்ட் ஓட்டை மாறுகிறதா, வீக்கம் வற்றுகிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். நாளைத் தவற விடவும் வேண்டாம். செத்தவீடு, கலியாணவீடு எல்லாவற்றுக்கும் வேறு ஆட்களை அனுப்புங்கள். காய்ச்சல் என்றால் நீங்களாக நிற்பாட்டாமல் அங்கே போய்க் காட்டுங்கள்.

8. காசு

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. போய்வருவதற்குத்தான் காசு. நோயாளியும் ஒருவரும், போகவும் வரவும், முப்பது நாள்: 120 ரிக்கெட். பழுதான நாளுக்கு இன்னும் நாலு. காங்கேசன்துறை வீதியால் போகிறவர்களுக்கு பஸ்ஸும் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. ஆனால் நாலாம் கிழமைக்குப் பிறகு ஆள் களைத்துவிடும். அப்போது ஓட்டோ தேவைப்படும், அந்தக் காசைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். நாங்கள் மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு வான் பிடித்தோம். வேலைக்குப் போகிறவர்கள் லீவுக்கான கடிதத்தை முதல் கிழமையே கேட்டு எடுங்கள்.

9. கடைசித் தாள்

முப்பதாவது முடிந்த சந்தோசத்தில் எல்லாரும் வானில் ஏறிவிடுவார்கள். ஏறாதீர்கள். சிகிச்சைச் சுருக்கம் எப்போது தருவார்கள் என்று கேட்டு, திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வாசியுங்கள்: இடமும் பக்கமும், மொத்தக் கிரே, எத்தனை தரம், தொடங்கிய திகதி, முடிந்த திகதி, எந்த இயந்திரம், இடையில் மாற்றிய திட்டம் இருந்தால் அது. ஐயாவின் தாளில் புது முகமூடிக்குப் பிறகு மாற்றிய திட்டம் முதலில் ஏறியிருக்கவில்லை. கேட்டேன், அதே மேசையில் வைத்தே எழுதித் தந்தார்கள்.

அதைப் படம் பிடித்து வீட்டில் இரண்டு பேரின் போனில் வையுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் பிரதியைக் கொண்டுபோங்கள். மூலத்தாள் எங்கள் வீட்டில் காணி உறுதியோடு ஒரே றங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. கொப்பியும் அதற்குள்தான்.